கத்தரிப்பூ நிற மஃப்ளர், ஒன்று

"சார், உங்க கழுத்துலேர்ந்து ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு" என்றார் டீக்கடைக்காரர்.

கையில் டீ கிளாஸோடு நின்ற, டிப்போவே 'சட்டம்' என்று கூப்பிடும் அந்த மனிதர், குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தார். எல்லாம் பின்னால்தான் இருந்தது. அவருடைய பிடரியிலிருந்து கிளம்பிய கத்தரிப்பூ நிறக் கம்பளி நூல், சுண்டுவிரல் தடிமனில், டிப்போ வாசலைத் தாண்டி, பஸ்கள் நிற்கும் முற்றத்தில் நெளிந்து நெளிந்து போய், தூரத்தில் அவருடைய அலுவலக அறைக் கதவுக்குள் நுழைந்து மறைந்திருந்தது.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அது ஒரு மஃப்ளர்.

"ஐயையோ!" என்று அவர் வாயைத் திறப்பதற்குள், ஒன்பதாம் நம்பர் பஸ் கிளம்பியது. நூலின் மேல் ஏறியது. ஏறினதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போயிற்று. கழுத்தில் மிச்சமிருந்த இரண்டு சுற்றும் ஒரே இழுப்பில் கழன்றதில், சட்டம் நின்ற இடத்திலேயே பம்பரமாக இரண்டு முறை சுற்றி நின்றார். டீ முழுவதும் சட்டையில்.

"வீட்டுல பின்னினதா சார்?" என்று அனுதாபமாகக் கேட்டார் டீக்கடைக்காரர்.

'ஆமாம்' என்று சட்டம் எப்படிச் சொல்வார்? சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த மஃப்ளர் அவருடையதே இல்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. டிப்போவில் அது யாருக்கும் நினைவில்லை. பஸ்ஸில் பயணிகள் தவறவிட்ட பொருள்களை வாங்கி, பதிந்து, பத்திரப்படுத்தி, உரியவர் வந்தால் அடையாளம் கேட்டுத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரு குண்டூசி குறைந்ததில்லை. போன மழைக்காலத்தில் டைம்கீப்பர், அலமாரியிலிருந்த யாரோ ஒருவரின் குடையை எடுத்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். முப்பது அடி தூரம்தான். சட்டம் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினார். டைம்கீப்பரை ஊர்க்கோடி டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் அவருக்குச் சட்டம் என்ற பெயர் நிலைத்தது.

அப்பேர்ப்பட்ட சட்டம் இன்று காலை என்ன செய்தார் என்றால், அறையின் ஹீட்டர் இரண்டு நாளாக வேலை செய்யாததாலும், கழுத்து விறைத்துப் போனதாலும், 'கத்தரிப்பூ நிற மஃப்ளர், ஒன்று' என்று சனிக்கிழமை தன் கையாலேயே பதிந்த பொருளை எடுத்து, ஐந்தே ஐந்து நிமிடம் கழுத்தில் சுற்றிக்கொண்டார். சுற்றியவர் அதை மறந்து டீ குடிக்கவும் கிளம்பிவிட்டார். அலமாரிக் கொக்கியில் கடைசி முடிச்சு மாட்டியிருந்ததை அவர் பார்க்கவில்லை. விரலால் கோத்துப் பின்னும் பின்னலுக்கு ஒரு குணம் உண்டு. கடைசி முடிச்சு அவிழ்ந்தால் போதும், முதல் கண்ணி வரைக்கும் வஞ்சனையில்லாமல் அவிழ்ந்து கொடுக்கும்.

முற்றத்தில் மிஞ்சிய நூலை அள்ளி, சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கர்ப்பிணிபோல் அறைக்குத் திரும்பியவர், பதிவேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் எப்படியாவது அழிக்க முடியுமா என்று பார்த்தார். முடியாது. அழிக்க முடியாத மையில் எழுத வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டதே அவர்தான்.

போன் அடித்தது.

"கத்தரிப்பூ கலர்ல, தடிமனா, கையால பின்னின மஃப்ளர் ஒண்ணு..." என்றது ஒரு அம்மாளின் குரல். "எங்க வீட்டுக்காரர் பஸ்ல விட்டுட்டு வந்துட்டார். உங்ககிட்ட வந்திருக்கா?"

"இருக்கும்மா. பத்திரமா இருக்கு" என்றார் சட்டம். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"அப்பாடா! நாலு மாசம் உட்கார்ந்து பின்னினது சார். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கறோம்."

ரிசீவரை வைத்த சட்டம் நாள்காட்டியைப் பார்த்தார். அன்று திங்கட்கிழமை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நூல் மூட்டையை மனைவியின் முன்னால் கொட்டினார்.

"என்னங்க இது? எங்க சாக்கடையிலேர்ந்து அள்ளிட்டு வர்றீங்க?"

நடந்ததைச் சொன்னார். மனைவி முகவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்களா? அடுத்தவங்க பொருளையா? ஒருநாள் நான் பக்கத்து வீட்டுத் துடைப்பத்தை எடுத்ததுக்கு மூணு நாள் பேசாம இருந்த மனுஷனா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். உனக்குப் பின்னத் தெரியுமா?"

"எனக்குப் பட்டன் தைக்கத் தெரியும். அதுவும் ரெண்டு ஓட்டை இருந்தாத்தான். என் தங்கச்சிக்குத் தெரியும், கேட்கறேன். முதல்ல இந்தக் கரியை எடுக்கணும்."

எடுத்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு, சோப்புத்தூளைத் தாராளமாகக் கொட்டி, கல்லில் அடித்துத் துவைத்தாள். கரி போய்விட்டது. கூடவே நூலும் பாதி போய்விட்டது. பிழிந்து எடுத்தபோது அறுபது அடி நூல், முப்பது அடிக்குச் சுருங்கி, விறைத்து, எலி வால்போல் இருந்தது.

"அழுக்கு சுத்தமா போயிடுச்சு பாருங்க" என்றாள் மனைவி.

சட்டம் கடைக்கு ஓடினார். அந்த நிறத்தில் அந்தத் தடிமனில் நூல் இல்லை. கொஞ்சம் வெளிறிய கத்தரிப்பூ இருந்தது. நான்கு உருண்டை வாங்கிக்கொண்டு வந்தார்.

மச்சினி வீடியோவில் வந்தாள்.

"இவ்வளவு தடிமன் நூலுக்கு ஊசியே வேணாம் அத்தான். விரல்தான் ஊசி. முதல்ல ஒரு சுருக்குப் போடுங்க. அதுக்குள்ள விரலை விட்டு நூலை இழுங்க. ஒரு கண்ணி ஆச்சா? அதுக்குள்ள மறுபடியும் விட்டு இழுங்க. அந்த மாதிரி பதினாறு. அப்புறம் திரும்பி, ஒவ்வொரு கண்ணியிலயும் ஒண்ணு. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைங்க பண்ணும்."

சின்னப் பிள்ளைகள் பண்ணட்டும். சட்டத்தின் ஆள்காட்டி விரல் முதல் வரிசையிலேயே கண்ணிக்குள் மாட்டிக்கொண்டது. எண்ணெய் விட்டு எடுத்தார்கள். ஆனால் மனிதர் விடவில்லை. விடிந்ததும் எழுந்து, குளிக்காமல் கொள்ளாமல் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை காலை ஒன்றரை அடி பின்னிவிட்டார். பெருமையாகப் போட்டோ எடுத்து மச்சினிக்கு அனுப்பினார்.

உடனே கூப்பிட்டாள். "அத்தான், பட்டம் விடப்போறீங்களா?"

"ஏன்?"

"கீழ பதினாறு கண்ணி இருக்கு. மேல இருபத்தொன்பது இருக்கு. எப்படி வந்துச்சு?"

சட்டம் எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்பதேதான். குற்றவாளி யாரென்று அவருக்கே தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் எதை எண்ணினாலும், குறைந்துவிடக் கூடாதே என்று கடைசியில் ஒன்றைக் கூடுதலாகச் சரிபார்த்துக்கொள்வது அவர் வழக்கம். கை அதே வழக்கத்தில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு கண்ணியைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டே வந்திருந்தது.

"பிரிச்சுடுங்க அத்தான்."

"பிரிக்க நேரமில்லம்மா. மேல போகப் போகக் குறைச்சுக்கறேன்."

"அப்ப அண்டா மாதிரி நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும்."

பிரித்தார். மூட்டையோடு அலுவலகத்துக்குப் போனார். பகல் இடைவேளைப் பலகையை மாட்டிவிட்டு, மேஜைக்கு அடியில் மறைவாக உட்கார்ந்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தபோது, மேஜைக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன சார் பண்றீங்க அங்க?"

கண்காணிப்பாளர் அம்மாள். டைம்கீப்பருக்கு மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதே கை இடுப்பில் இருந்தது.

தூக்கிவாரிப் போட்டதில் சட்டம் மேஜையில் மண்டையை இடித்துக்கொண்டார். "விரலுக்கு... விரலுக்குப் பயிற்சி மேடம். ஸ்டாம்ப் குத்திக் குத்தி விரல் மரத்துப் போகுது. டாக்டர் பின்னச் சொன்னார்."

"அட! எனக்கும் விரல் வலிதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் அம்மாள். "காட்டுங்க. நல்லா வருதே! இந்தக் கலர்... இதே கலர்ல ஒண்ணு நம்ம பதிவேட்டுல பார்த்த மாதிரி இருக்கே?"

சட்டம் நூலைச் சட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டார். "இந்த வருஷம் ஊர் பூரா இந்தக் கலர்தான் மேடம்."

"அப்படியா? அதைக் கேட்டு போன் பண்ணின அம்மா வெள்ளிக்கிழமை வர்றாங்கன்னு நீங்கதானே அதுல எழுதியிருந்தீங்க? நானும் வரேன். அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்."

அம்மாள் போய்விட்டாள். சட்டம் மேஜைக்கு அடியிலேயே இருந்தார். ஒன்றுக்கே உயிர் போகிறது. இப்போது இரண்டு வேண்டும்.

இரண்டு செய்ய முடியாது என்பது புதன்கிழமை காலையில் தெளிவாகிவிட்டது. ஆகவே ஒன்றை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தார். வந்ததும் வராததுமாகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"மேடம், நேத்து நான் பின்னினதை வீட்டுக்குப் போறப்ப பஸ்லயே விட்டுட்டேன்."

"அடடா! நீங்களே விட்டுட்டீங்களா?" அம்மாளுக்கு மனசு தாங்கவில்லை. "அப்ப பாரத்தைப் பூர்த்தி பண்ணிக் கொடுங்க."

"வேணாம் மேடம். போனா போகட்டும்."

"அதெப்படி? ஊருக்கெல்லாம் தேடிக் கொடுக்கற மனுஷனுக்கு நாங்க தேடிக் கொடுக்க மாட்டோமா?"

சட்டம், தன் பிரிவின் பாரத்தைத் தானே வாங்கி, இல்லாத மஃப்ளரைப் பற்றி ஒன்பது கேள்விக்குப் பதில் எழுதி, தன்னிடமே கொடுத்து, ஸ்டாம்ப் குத்தி, ரசீதைத் தன்னிடமே பெற்றுக்கொண்டார். பொய்யான தகவல் தந்தால் தண்டனை என்று அடியில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததை அன்றுதான் முதன்முதலாக ஒரு பொதுஜனத்தின் கண்ணோடு படித்தார்.

பத்து நிமிடத்தில் டிப்போ ஒலிபெருக்கி முழங்கியது. "கண்டக்டர்கள் கவனத்துக்கு! நம்ம சட்டம் சாருடைய கத்தரிப்பூ கலர் மஃப்ளர் தொலைஞ்சு போச்சு. பார்த்தவங்க உடனே கொண்டு வரவும்!"

டிப்போவில் அவரைப் பிடித்தவர்கள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அவரே நினைத்ததில்லை. அல்லது பிடிக்காதவர்களோ என்னவோ. வியாழன் மாலைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சால்வை, ஒரு குழந்தைக் குல்லா, ஒற்றைக் கையுறை, பாதி மெத்தை உறை, சக்கரத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு கொத்து எண்ணெய் நூல் எல்லாம் மேஜை மேல் குவிந்துவிட்டன. கொத்து நூலைக் கொண்டுவந்த ஒன்பதாம் நம்பர் கண்டக்டர், "இது எப்படி சார் சக்கரத்துக்குள்ள போச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

"பதிஞ்சுக்கறேன். நீங்க போகலாம்" என்றார் சட்டம்.

ஒவ்வொன்றையும் பதிய வேண்டியிருந்ததால் வியாழன் பகல் முழுவதும் பின்ன முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை, ஒரு பக்கம் தான், ஒரு பக்கம் மனைவி, செல்போனில் மச்சினி என்று மூன்று பேராக உட்கார்ந்து முடித்தார்கள். அடிப்பக்கம் இரண்டடி அடர்ந்த நிறம், விறைப்பு. மேலே வெளிறிய நிறம், தொளதொளப்பு. ஒரு வரிசையில் பதினெட்டு, அடுத்ததில் பதினான்கு. நீளம் எவ்வளவு வேண்டும் என்று பதிவேட்டில் இல்லை. ஒன்று என்றுதான் இருந்தது. ஆகவே நூல் தீரும்வரை பின்னினார்கள். ஏழரை அடி வந்திருந்தது.

"தூரத்துலேர்ந்து பார்த்தா மஃப்ளர்தான்" என்று மனைவி தைரியம் சொன்னாள்.

பதினொரு மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். பெரிய கண்ணாடி, நிமிர்ந்த நடை. பின்னால் கணவர், ஒல்லியாக, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு. பக்கத்திலேயே கண்காணிப்பாளர் அம்மாள் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"அடையாளம் சொல்லுங்கம்மா" என்றார் சட்டம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பதினாறு கண்ணி. முதல் வரிசையிலேர்ந்து கடைசி வரிசை வரைக்கும் பதினாறு. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. ஒரே நூல், ஒரே கலர். ஊசி தொடாம விரலாலயே பின்னினது. ஒரு தப்பு கண்டுபிடிங்க பார்க்கலாம்!"

வேறு வழியில்லாமல் சட்டம் பையைத் திறந்தார். மஃப்ளரை எடுத்து மேஜை மேல் வைத்தார். அது பாட்டுக்கு விரிந்து, மேஜையின் அந்தப் பக்கம் வழிந்து, தரையில் போய் நின்றது.



கணவரின் முகத்தில் ரத்தமே இல்லை. மஃப்ளரைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தீர்ந்தது, இந்த ஆள் கண்டுபிடித்துவிட்டார் என்று சட்டம் நினைத்தார். ஊர்க்கோடி டிப்போவுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அங்கே டைம்கீப்பர் என்ன முகத்தோடு வரவேற்பார் என்பதை மட்டும் நினைக்கப் பிடிக்கவில்லை.

அந்த அம்மாள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "பதினாறு... பதினெட்டு... பதினாலு..." அவளுடைய முகவாய் துடித்தது. மெல்லத் திரும்பினாள். கணவர் பக்கம்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க இதை?"

"நானா?" என்றார் கணவர்.

"பின்ன யாரு? எப்படிப் போட்டு இழுத்திருக்கீங்க! நாலடி இருந்தது. பாதி வெளுத்து வேற போயிருக்கு. வெயில்ல காயப் போட்டீங்களா? என் கை பின்னினது இப்படியா இருந்துச்சு?"

"நான் ஒண்ணுமே..."

"வாயைத் திறக்காதீங்க." அம்மாள் மஃப்ளரை எடுத்துக் கணவரின் கழுத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, நான்கு சுற்று சுற்றினாள். மூக்கு வரை மூடிவிட்டது. "இனிமே தூங்கறப்பக்கூட இது கழுத்தை விட்டு இறங்கக் கூடாது. ஆமா!"

"நல்ல குடும்பம்" என்று நெகிழ்ந்துபோன கண்காணிப்பாளர், அந்த அம்மாளைக் கையெழுத்துக்காகத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். "அந்த விரல் பின்னலை எனக்கும் சொல்லித் தாங்களேன்" என்ற குரல் வராந்தாவில் தேய்ந்தது.

தப்பித்தாகிவிட்டது. சட்டத்துக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்திருக்க வேண்டும். ஆனால் எதிரே அந்த மனிதர், கம்பளிக்கு மேல் இரண்டு கண் மட்டும் தெரிய, பேயறைந்தவர்போல் நின்றுகொண்டிருந்தார். செய்யாத குற்றத்துக்கு வசவு வாங்கிய கண். சட்டத்துக்கு அது பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருட நேர்மை குறுக்கே வந்து நின்றது. வேலை போனாலும் போகட்டும் என்று வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே போனார்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். நீங்க எதையும் இழுக்கலை. குளிருக்கு நான்தான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். அது மொத்தமும் கழண்டு போச்சு. பாதி நூலை பஸ் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இது நான் பின்னினது. அஞ்சு நாளா, விரல் வீங்க வீங்க. நீங்க ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தாலும் நான் வாங்கிப் பதிஞ்சுக்கறேன்."

கணவர் கம்பளியை மெல்ல வாய்க்குக் கீழே இறக்கினார்.

"மொத்தமும் கழண்டு போச்சா?"

"ஆமா சார்."

"ஒரு இழை மிச்சமில்லாம?"

"எலி வால் அளவுக்கு ஏதோ இருந்தது."

அந்த மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டத்தின் வீங்கிய விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏழு தடவை வேணும்னே பஸ்ல விட்டுட்டு இறங்கினேன், ஏழு தடவையும் யாராவது ஓடி வந்து கழுத்துல போட்டுட்டுப் போனாங்க, எட்டாவது தடவைதான் சார் தப்பிச்சேன்! கழண்டு போச்சுன்னு அன்னிக்கே போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"